மயில் மாணிக்கக் கொடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயில் மாணிக்கம் எந்தக் கொடி?

நூல் நூலாகப் பிரிந்த பச்சை இலைகள், அவற்றுக்கு நடுவே ஐந்து முனையோடு சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள். வேலியிலோ கம்பிவலையிலோ அப்படி ஒரு மெல்லிய கொடியைப் பார்த்திருந்தால் அது அநேகமாக மயில் மாணிக்கம்தான். கெம்பு மல்லிகை, காசி ரத்தினம் என்றும் சொல்வார்கள். தாவரவியலில் ஐபோமியா குவாமாக்லிட். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கொடுத்த இந்தப் பெயரே இன்றும் வழக்கில் இருக்கிறது. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா, இப்போது வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. மல்லிகைக்கும் இதற்கும் உறவில்லை, பூவில் மணமும் இருக்காது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வள்ளைக்கீரை, காலையில் நீலமாகப் பூக்கும் மார்னிங் குளோரி இவையெல்லாம்தான் இதன் சொந்தக்காரர்கள், எல்லாம் ஒரே பேரினம்.

ஒரு வருடக் கொடியா, பல வருடம் இருக்குமா?

ஒரு வருடக் கொடி. விதையிலிருந்து முளைத்து, ஏறி, பூத்து, காய்த்து, காய்ந்துவிடும். உறைபனி பட்டால் அதற்கு முன்பே கருகிவிடும். "எங்கள் வேலியில் அதே கொடி வருடக்கணக்கில் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். அது அதே கொடி இல்லை, போன பருவத்தில் உதிர்ந்த விதைகள் அதே இடத்தில் முளைத்துப் புதிதாக ஏறியிருக்கும்.

எவ்வளவு தூரம் ஏறும்?

சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மீட்டர். நல்ல வெயிலும் நீண்ட பருவமும் கிடைத்தால் அதற்கு மேலும் போகும். உயரத்தைவிட முக்கியம், இதன் எடை மிகக் குறைவு. தண்டு நூல்கயிறு அளவுக்குத்தான் தடிக்கும், அதனால் பந்தலோ இரும்புச் சட்டமோ எதுவும் வேண்டாம்.

விதை எப்படிப் போடுவது? போட்டால் பாதி முளைப்பதே இல்லையே?

விதையுறை கடினமானது, தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே மண்ணில் போட்டால் சில விதைகள் ஒரு வாரத்தில் முளைக்கும், சில மாதக்கணக்கில் உறங்கும். அதனால் முதலில் உறையைக் கொஞ்சம் உரசிவிட வேண்டும். உப்புத்தாளில் இரண்டு தேய், அல்லது நகவெட்டியின் அரத்தில் ஒரு தேய், உள்ளே இருக்கும் வெளிர்நிறம் எட்டிப் பார்த்தால் போதும். விதையின் ஒரு முனையில் காய்க்குள் ஒட்டியிருந்த தழும்பு தெரியும், அந்தப் பக்கத்தைத் தொடாமல் முதுகுப் பக்கத்தில் உரசுங்கள், முளைவேர் அந்தத் தழும்பை ஒட்டித்தான் வெளியே வரும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் நன்றாக உப்பியிருக்கும், சில போட்டபடியே இருக்கும். உப்பியவற்றை உடனே விதைத்துவிடுங்கள், உப்பாதவற்றை மறுபடி உரசி மறுபடி ஊறப் போடுங்கள். ஒரு நாளைக்கு மேல் தண்ணீரிலேயே விட்டால் அழுகும்.

ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். மண் சூடாக இருக்க வேண்டும், 20 டிகிரிக்கு மேல் இருந்தால் ஐந்திலிருந்து பத்து நாளில் தலை காட்டும். குளிர்ந்த, ஈர மண்ணில் போட்ட விதை முளைப்பதற்குள் அழுகுவதுதான் அதிகம், அவசரப்பட்டு முன்கூட்டியே விதைப்பதில் லாபம் இல்லை.

முளைத்து வருவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் நடுவில் ஆழமாகப் பிளந்து, இரண்டு கவட்டைகளை எதிரெதிரே வைத்த மாதிரி இருக்கும். களையெடுக்கும்போது இதுதான் அடையாளம். தெரியாதவர்கள் ஏதோ புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கு அடுத்து வரும் இலையிலேயே நூல் பிரிவு தெரிய ஆரம்பிக்கும்.

நாற்று விட்டு எடுத்து நடலாமா?

முடிந்தவரை வேண்டாம். வேரைத் தொந்தரவு செய்தால் இந்தக் குடும்பச் செடிகள் முகம் சுளிக்கும், நட்ட பிறகு வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைப்பதுதான் நல்லது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, பருவம் போதாது. அவர்கள் காகிதக் கப்பிலோ தேங்காய்நார்க் கப்பிலோ விதைத்து, கப்போடு மண்ணில் வைத்துவிடலாம். உறைபனி அபாயம் தீர்வதற்கு நான்கைந்து வாரம் முன்பு விதைத்தால் சரியாக இருக்கும். அதற்கும் முன்னால் விதைத்தால் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரிக்கும்போது உடையும்.

கொழுகொம்பு எப்படி இருக்க வேண்டும்?

இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும் வேரும் கிடையாது. தண்டு முழுவதும் சுற்றித்தான் ஏறும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனி சாய்ந்து, காற்றில் மெதுவாக வட்டம் போட ஆரம்பிக்கும், பிடிமானம் தேடுகிறது. மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஒரு குச்சியில் ஏறிய கொடியைப் பக்கத்திலிருந்து பாருங்கள், நம் பக்கம் தெரியும் தண்டு கீழே இடப்புறத்தில் ஆரம்பித்து மேலே வலப்புறமாகப் போகும். பக்கத்துக் குச்சியிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். கையால் எடுத்துச் சுற்றிவிடும்போது அந்தத் திசையிலேயே சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் நுனி தானாகக் கழன்று தன் வழிக்கே திரும்பும், அதற்குள் சில நாள் வளர்ச்சி வீண்.

இதிலிருந்தே எது பொருந்தும் என்பது புரியும். தடிமன் குறைந்தவை எல்லாம் நல்லவை: சணல் கயிறு, மீன்வலை நூல், மெல்லிய மூங்கில் குச்சி, காய்ந்த மிலாறு, பெரிய கண்ணுள்ள கம்பிவலை. தூணில் இது ஏறாது, தூணைச் சுற்றி நாலைந்து கயிறு மேலிருந்து கீழாகக் கட்டிவிட்டால் ஏறிவிடும். வழுவழுப்பான பிளாஸ்டிக் கம்பியில் காற்றடித்தால் மொத்தமும் கீழே சரிந்துவிடும், சொரசொரப்பான கயிறே மேல். இன்னொன்று, விதைக்கும் அன்றே கொழுகொம்பையும் நட்டுவிடுங்கள். பிறகு நடலாம் என்று விட்டால் கொடிகள் தங்களுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு ஒரு கயிறாகிவிடும், அதைப் பிரிக்கவே முடியாது.

இலை செழிப்பாக இருக்கிறது, பூவைக் காணோம். ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் காரணம் நாம் காட்டும் அளவுக்கு மீறிய கரிசனம். தழைச்சத்து அதிகமான உரம் போட்டால் கொடி இலையும் தண்டுமாகவே ஓடும். சாணமும் மண்புழு உரமும் அள்ளிக் கொட்டிய பாத்தியிலும் இதே கதைதான். சுமாரான மண் போதும், நடும்போது ஒரு கை மக்கிய உரம் கலந்தால் தாராளம். தொட்டியில் வளர்ப்பவர்கள் மொட்டு வரும் சமயத்தில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடுதலாக உள்ள உரத்தைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து ஊற்றலாம். தரையில் வளர்ப்பவர்களுக்கு அதுகூடத் தேவைப்படாது.

இரண்டாவது காரணம் வெயில். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் கொடி சாகாது, இலைக்கு இலை இடைவெளி கூடி வெறும் கயிறாக நீளும்.

மூன்றாவது, பலர் யோசிக்காதது, இரவின் நீளம். மார்னிங் குளோரி வகைகளில் பல, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் முழு வேகத்தில் பூக்கும். இதன் உறவான ஐபோமியா நில் கொடியை வைத்துத்தான் விஞ்ஞானிகள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆய்வகங்களில் பயன்படுத்தும் வயலட் என்ற ரகத்துக்கு, வித்திலை மட்டும் விரிந்த நாற்றாக இருக்கும்போதே ஒரே ஒரு முறை 16 மணி நேர இருட்டு கிடைத்தால் போதும், பூக்கத் தயாராகிவிடும். மயில் மாணிக்கம் அவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் கோடையின் நீண்ட பகலில் மந்தமாக இருந்த கொடி, பருவத்தின் பின்பாதியில் திடீரென்று பூத்துக் குலுங்குவதைப் பார்க்கலாம். விதைத்து இரண்டு மாதம் ஆகியும் மொட்டு இல்லையென்றால் உரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். இரவெல்லாம் விளக்கு எரியும் வாசலில் வைத்திருந்தால் இருட்டான பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

தண்ணீர்?

வேர்ப்பகுதி மேலாகக் காய்ந்ததும் ஊற்றுங்கள், தேங்க விடாதீர்கள். முளைத்த முதல் சில வாரம் ஈரம் விடாமல் பார்த்துக்கொண்டால் அப்புறம் ஓரளவு வறட்சியைத் தாங்கும். தொட்டியில் உள்ளது கடும் வெயிலில் தினமும் கேட்கும்.

தொட்டியில் வளருமா? எத்தனை விதை போடலாம்?

நன்றாக வளரும். ஓர் அடி வாயுள்ள தொட்டிக்கு மூன்று செடி போதும். இலை மெலிதாக இருப்பதால் தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று பத்துப் பன்னிரண்டு விதை போடுவார்கள், எல்லாம் முளைத்து வேருக்கு இடம் இல்லாமல் சீக்கிரம் அடி இலை மஞ்சளாகும். தரையில் என்றால் ஒரு சாணிலிருந்து ஓர் அடி இடைவெளி. கொடி ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வந்து தொட்டி தானாக நிறையும், கூடுதல் விதையைவிட அதுதான் சரியான வழி.

அலங்காரத்துக்கு எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும்?

பூவுக்காக மட்டும் வளர்க்க நினைத்தால் இதைவிடப் பெரிய பூக் கொடிகள் நிறைய உண்டு. மயில் மாணிக்கத்தின் தனி அழகு இலையில் இருக்கிறது. ஒவ்வோர் இலையும் நடு நரம்பு வரை வெட்டுப்பட்டு, இரு பக்கமும் பத்துப் பதினைந்து நூலாகப் பிரிந்திருக்கும். பூ இல்லாத நாளிலும் பார்க்க நன்றாக இருக்கும் ஒரு வருடக் கொடிகள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று. எனவே இலை தெரியும்படி வையுங்கள். பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும்: வெள்ளைச் சுவர், வெளிர்நிறப் பலகை, அல்லது திறந்த வானம். புதர்ச்செடிக்கு முன்னால் வைத்தால் பச்சையில் பச்சை கரைந்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் பூப்புள்ளிகள் மட்டும்தான் தெரியும்.

கண் மட்டத்துக்கு வருவது முக்கியம். சன்னலுக்கு வெளியே நாலைந்து கயிறு கட்டி ஏற்றிவிட்டால் உள்ளேயிருந்து பார்க்கும்போது வெளிச்சம் இலை வழியாக வடிந்து வரும், இதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. மறைப்புக்கு வேண்டும், பக்கத்து வீடு தெரியக் கூடாது என்பவர்களுக்கு இது உதவாது, அடர்ந்த பருவத்திலும் ஊடே தெரியும். கனமான கொடிகளோடு ஒரே வலையில் ஏற்றாதீர்கள், அமுங்கிவிடும். தொங்கும் தொட்டியில் வைத்தால் நுனிகள் கீழே போகாமல் தொங்கவிட்ட கம்பியையே பிடித்து மேலே ஏறும், அதைத் தெரிந்துகொண்டு வைத்தால் அதுவும் அழகுதான்.

சிவப்பு தவிர வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களிலும் உண்டு. கலந்து போடுவதைவிட ஒரே நிறமாகப் போடுவது எனக்குப் பிடிக்கும், இவ்வளவு சிறிய பூவில் மூன்று நிறம் கலந்தால் கண் எங்கேயும் நிற்காது. மாலையில் தோட்டத்தில் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் இதை நம்ப வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

பூ மதியமே வாடிவிடுகிறது, நோயா?

இல்லை. ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். விடியலில் விரியும், வெயில் ஏறியதும் விளிம்பு உள்ளே சுருள ஆரம்பிக்கும். மேகமூட்டமான நாளில் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். மறுநாள் காலை புதுப் பூக்கள். அதனால்தான் பறித்துக் குவளையில் வைக்க உதவாது.

தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வருமா?

வரும். பூவை ஒன்று பறித்துப் பாருங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் குறுகிய குழல், நுனியில் மட்டும் நட்சத்திரமாக விரிந்திருக்கும், குழலுக்கு வெளியே ஐந்து மகரந்தத்தாள்கள் வெள்ளைத் தலையோடு நீட்டிக்கொண்டிருக்கும். தேன் குழலின் அடியில். இந்த அமைப்பு, சிவப்பு நிறம், மணமின்மை எல்லாமே அமெரிக்காவின் ஓசனிச்சிட்டுகளுக்கு (ஹம்மிங்பேர்ட்) ஏற்றவை. அந்தரத்தில் நின்றபடி அலகை விடும்போது வெளியே நீண்ட மகரந்தம் அதன் நெற்றியில் படும். ஓசனிச்சிட்டே இல்லாத கண்டங்களில் தேன்சிட்டுகளும் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிகளும் அந்தத் தேனைத் தேடி வரும். யாருமே வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும்.

கிட்டத்தட்ட இதே பூ, ஆனால் இலை வேறு மாதிரி. அது என்ன?

இலை இதய வடிவிலோ, மூன்று மடலாகவோ இருந்து பூ ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருந்தால் அது ஐபோமியா காக்சினியா அல்லது ஐபோமியா ஹெடரிஃபோலியா. இலை விரல்விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலும் மயில் மாணிக்கத்தின் நூலைவிட அகலமாக இருந்தால் கார்டினல் கிளைம்பர், அதாவது மயில் மாணிக்கத்துக்கும் காக்சினியாவுக்கும் பிறந்த கலப்பு. அதன் பூ முனைகள் அவ்வளவு கூராக இருக்காது. வளர்ப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கடையில் விதைப் பொட்டலம் மாறி வருவது சகஜம் என்பதால் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

என்னென்ன பூச்சி வரும்?

அசுவினி, செம்பேன், வெள்ளை ஈ. நுனிக் கொழுந்து சுருண்டால் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பாலும் போய்விடும். இலை வெளிறிப் புள்ளி விழுந்தால் செம்பேன், வறண்ட காற்றில்தான் அதிகம். மருந்து என்று போவதானால் வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள், காலையில் தெளித்தால் பூவுக்கு வரும் தேனீக்களுக்குக் கேடு. பின்புறம் ஒற்றைக் கொம்பு வைத்த பெரிய புழு ஒரே இரவில் ஒரு கிளையைக் காலி செய்தால் அது அந்துப்பூச்சிப் புழு, கையால் எடுத்துப் போடலாம். ஆமை வண்டுகளும் இந்தக் குடும்ப இலைகளைக் கடிக்கும், சேதம் சிறிதுதான்.

சர்க்கரைவள்ளி பயிரிடுபவர்கள் மட்டும் கவனம். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு இந்தப் பேரினத்தின் மற்றக் கொடிகளிலும் தங்கும், ஆகவே பாத்தி ஓரத்தில் இதை வளர்க்காதீர்கள்.

களையாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள், வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் எனப் பல இடங்களில் தோட்டத்திலிருந்து தப்பித்து வயலோரத்திலும் ஆற்றங்கரையிலும் பரவியிருக்கிறது. காரணம் எளிது: ஒரு காயில் நாலு விதை வரை, கொடி முழுக்கக் காய், எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காத கடின உறை. ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் அடுத்த சில பருவத்துக்கு முளைத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் கை எட்டும் உயரத்தில் மட்டும் வளருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. மரத்தில் ஏற்றிவிட்டால் மேலே காய்க்கும் காயைப் பறிக்க யாராலும் முடியாது. பச்சைக் காயாக இருக்கும்போதே வாரத்துக்கு ஒரு முறை கிள்ளிப் போட்டால் பூவும் கூடும், விதையும் உதிராது. காட்டையோ ஓடையையோ ஒட்டிய இடமென்றால் வளர்க்கவே வேண்டாம். சில பகுதிகளில் இந்தப் பேரினக் கொடிகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, விதை வாங்குமுன் உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிடுங்கள்.

விஷமா? குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் வளர்க்கலாமா?

தொட்டாலோ பக்கத்தில் இருந்தாலோ ஒன்றும் ஆகாது. விதையைத்தான் வாயில் போடக் கூடாது. இந்தப் பேரினத்தில் ஐபோமியா டிரைகலர் போன்ற சில கொடிகளின் விதையில் மனநிலையை மாற்றும் எர்காட் வகை ஆல்கலாய்டுகள் உண்டு, 1960இல் அவற்றை அடையாளம் கண்டவர் சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன். எல்லா இனத்திலும் அவை இருக்கும் என்பதில்லை, ஆனால் விதையைப் பார்த்து இனம் பிரிக்க நம்மால் முடியாது. பொட்டல விதையில் பூச்சிமருந்தும் தடவியிருக்கலாம். தவழும் குழந்தையோ எதையும் மெல்லும் நாய்க்குட்டியோ இருந்தால் காயை விட்டுவைக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த வருடத்துக்கு விதை எடுப்பது எப்படி?

காய் பச்சையிலிருந்து பழுப்பாகி, காம்பும் காய்ந்ததும் பறியுங்கள். தாமதித்தால் வெடித்து உதிர்ந்துவிடும். உள்ளே கறுப்பு கலந்த பழுப்பில் நீளவாட்டில் ஐந்தாறு மில்லிமீட்டர் விதைகள் இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது, பதிந்தால் இன்னும் முற்றவில்லை. நிழலில் ஒரு வாரம் காயவைத்து, நிறமும் ஆண்டும் எழுதிய காகித உறையில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மீதமிருக்கும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கடின உறை இங்கே நமக்குச் சாதகம், நன்றாகக் காய்ந்த விதை சில வருடம் தாங்கும். வெள்ளைக்கு வெள்ளையே வேண்டுமென்றால் அந்த நிறத்தைத் தனியாக ஒரு மூலையில் வளர்த்து அதிலிருந்து எடுங்கள்.

விதைக்கென நாலைந்து கொத்துக் காய்களை விட்டுவைத்தாலே தேவைக்கு மேல் கிடைக்கும். மீதிக் கொடி காய்ந்ததும் அடியில் பழைய துணி விரித்துக் கயிற்றோடு அறுத்து இறக்குங்கள், இழுத்துப் பிய்த்தால் தோட்டம் முழுக்க விதை தெறிக்கும். அந்தக் கொடியை மக்கு உரக்குழியில் போடக் கூடாது, வீட்டுக் குழியில் வரும் சூட்டுக்கு இந்த விதை சாகாது, அப்புறம் உரம் போட்ட பாத்தியெல்லாம் மயில் மாணிக்கம் முளைக்கும். குப்பைப் பையில் கட்டி அனுப்பிவிடுங்கள்.